சிங்கப்பூர்ச் சாப்பாடு

திண்டிவனத்தில் பெரியதம்பி வீட்டு முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற வருஷங்களில் வேலை முடிந்ததும் முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள், இப்போதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார்கள். காரணம் அம்சா. சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி வந்திருந்த அவள், கையிலிருந்த மல்லாட்டையை உடைக்க மறந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் வூட்டுல அடுப்பு பத்தவைக்க மாட்டேன். நான், அவரு, நவமணி மூணு பேரும் பஸ் ஏறி கடற்கரைக்குப் போயிடுவோம். அங்க மலாய்க்காரரு கறிய குச்சில குத்தி நெருப்புல வாட்டிக் குடுப்பாரு. தொட்டுக்க இன்னா தெரியுமா? மல்லாட்டைய அரச்சு வச்ச கொழம்பு!”

“மல்லாட்டையிலயா கொழம்பு? மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிற மாதிரி?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

“துன்னு பாத்தா வுடமாட்டீங்க. ஒரு நாளு சீனன் கடையில மீ வாங்குவோம், சேமியா மாதிரி நூலு நூலா இருக்கும். ஒரு நாளு தெருவுல சீனக் கூத்து நடக்கும், கதை ஒன்னும் புரியாது, வேஷத்தப் பாத்துக்கினு ஐஸ் துன்னுவோம். எங்க போனாலும் அவரு மொதல்ல என்னைத்தான் கேப்பாரு, ‘உனக்கு என்ன வேணும்’னு.”

காந்திமதி மட்டும் தலைநிமிரவில்லை. அவள் பெரியதம்பியின் மனைவி, அந்த வீட்டு மூத்த மருமகள். அம்சா அவளுடைய கொழுந்தன் முருகையனைக் கட்டியவள். மகள் நவமணிக்கு ஊரில் மாப்பிள்ளை பார்ப்பதற்காக அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அம்சாவின் நைலக்ஸ் புடவையைக் காந்திமதி பொறுத்துக்கொண்டாள். கைக்கடிகாரத்தையும் வாசனைப் பவுடரையும்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ‘உனக்கு என்ன வேணும்’ என்ற அந்தக் கேள்வியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கல்யாணமான நாள் முதல் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில் அவள் சாப்பிட்டு வருகிறாள். எப்போதாவது வெளியூர் போனால், ஆண்கள் இறங்கி ஓட்டலில் சாப்பிட, பெண்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பெரியதம்பி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாக இட்லிப் பொட்டலத்தை நீட்டுவார். இட்லி வேண்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று அந்த மனிதர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே காந்திமதிக்கு இப்போதுதான் தெரியும். தெரிந்த நாளிலிருந்து வயிறு எரிந்தது. நம்மைவிடச் சின்னவள், நம் கையால் விளக்கேற்றி வீட்டுக்குள் அழைக்கப்பட்டவள், இவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று உள்ளுக்குள் புழுங்கினாள்.

இந்த நேரத்தில்தான் வீரம்மாள் வந்தாள். விழுப்புரத்துக்காரி, காந்திமதிக்குத் தாய்வழியில் அண்ணி முறை. அவளுடைய மகன் ரயில்வேயில் வேலை பார்க்கிறான். ஏற்கெனவே வந்து நவமணியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. தாம்பூலம் மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் மாப்பிள்ளையின் தாய், பெண் வீட்டிலேயே இருக்கும் ஒருத்தியைத் தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை விசாரிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். என்ன கேட்டார்கள், யார் சொன்னார்கள் என்பது வெளியே வராது. கேட்கிறவளுக்கு அது பாதுகாப்பு. சொல்கிறவளுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

எண்ணெய் ஆட்ட மல்லாட்டை வேண்டும் என்று சாக்குச் சொல்லி, வீரம்மாள் காந்திமதியைக் களத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனாள்.

“கூடப் பொறந்தவளாட்டம் கேக்குறேன். பொண்ணு எப்படி காந்திமதி?”

நவமணி விடியுமுன் எழுந்து வாசல் தெளிக்கிற பெண். பெரியம்மா குனிந்தால் கையிலிருப்பதை வாங்கிக்கொள்கிற பெண். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

“நல்ல பொண்ணுதான் அண்ணி...” என்று காந்திமதி இழுத்தாள். அந்த இழுப்பிலேயே பாதிக் கல்யாணம் நின்றுவிட்டது.

“இன்னாடி இழுக்கிற?”

“ஒன்னுமில்ல, அங்கத்திப் பழக்கம் வேற இல்லையா? ஞாயித்துக்கெழம பொழுது சாஞ்சா தாயும் பொண்ணும் பவுடர் பூசிக்கினு கெளம்பிடுவாங்களாம். அன்னிக்கு வூட்டுல அடுப்பே எரியாதாம். கடற்கரையில, தெருவுல, கண்டவங்க பக்கத்துல உக்காந்துகினு சாப்புடுவாங்களாம். நானா பாத்தேன்? அம்சாவே சொன்னதுதான்.”

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முருகையனும் கூடவே போவான் என்பதை மட்டும் அவள் மென்று முழுங்கிவிட்டாள். அன்றைக்குக் காந்திமதிக்குச் சாப்பாடு ருசித்தது.

அடுத்த வாரமே விழுப்புரத்திலிருந்து ஆள் வந்து, இப்போதைக்குக் கல்யாண எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பார்த்துவிட்டுப் போன பெண்ணை வேண்டாம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பெண்ணிடம் என்ன கோளாறோ என்று மல்லாட்டை உடைத்த அதே பெண்கள் பேசிக்கொண்டார்கள். நவமணி பவுடரைத் தொடவில்லை. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

“பெரியம்மா, நான் இன்னா தப்பு பண்ணேன்? அவங்க முன்னால எனக்கு நடக்கத் தெரியலையா?” என்று அடுப்படியில் வந்து கேட்டாள். காந்திமதி புகை கண்ணில் பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்சாவுக்கு மனசு ஆறவில்லை. “உங்க சொந்தக்காரங்கதானே அக்கா. நீங்க கூட வாங்க, நேர்ல கேட்டுக்கினு வந்துடலாம்” என்றாள். மறுக்க வழியில்லை. இருவரும் விழுப்புரம் பஸ் ஏறினார்கள்.

வீரம்மாள் மோர் கொடுத்தாள், விசிறி கொடுத்தாள், காரணம் மட்டும் கொடுக்கவில்லை. “நேரம் கூடி வரலம்மா” என்று சொல்லிவிட்டுக் காந்திமதியை ஒரு பார்வை பார்த்தாள். வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொன்ன பார்வை அது. காந்திமதி மோரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது ரயிலடிப் பக்கம் ஒரு ஓட்டல் முன்னால் அம்சா நின்றாள். “பசிக்குது அக்கா, உள்ள போவலாம்.”

“பொட்டலம் கட்டி வாங்கிக்கலாம்டி.”

“எதுக்கு? நமக்குக் காலு இல்லையா?” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பரிமாறுகிறவர் மூலையில் திரை தொங்கிய அறையைக் காட்டி, “பொம்பளைங்க அங்க” என்றார். “அங்க காத்து வராதுங்க. இங்கயே குந்துறோம்” என்று அம்சா நடுவில் இருந்த மேசையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு ஆண்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு அவரவர் சாம்பாருக்குத் திரும்பிவிட்டார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது காந்திமதிக்கு.

“அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?”

காந்திமதி பக்கத்து மேசைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அம்சாவே இரண்டு மசால் தோசை சொன்னாள்.

“நான் சிங்கப்பூர் கதை சொல்லும்போது எல்லாரும் ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீங்க மட்டும் வாயத் தொறக்கமாட்டீங்க. ஆசைய அடக்கி வச்சிருக்கவங்கதான் அப்படி இருப்பாங்க. கல்யாணத்துக்கு முன்ன நானும் அப்படித்தான் இருந்தேன். அதான் சிங்கப்பூருக்குத் திரும்புறதுக்குள்ள ஒரு தரமாச்சும் உங்கள இப்படி உக்கார வைக்கணும்னு நெனச்சுக்கினு இருந்தேன். துன்னுங்க, ஆறிடும்.”

பெண் கல்யாணம் நின்றுபோய் வயிறு காய்ந்து நிற்கிறவள், காந்திமதியின் பக்கம் தட்டை நகர்த்தி வைக்கிறாள். காந்திமதி ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“எழுந்திரு அம்சா. வீரம்மா அண்ணி வூட்டுக்குத் திரும்பப் போவணும். ஜல்தியா வா.”

காரணம் தெரியாமலே அம்சா பின்னால் ஓடினாள். வாசற்படி ஏறியதும் காந்திமதி உட்காரக்கூட இல்லை.

“அண்ணி, அன்னிக்கு நான் உன்கிட்ட சொன்னத இவ முன்னால சொல்றேன், கேளு. இவங்க வெளிய போய் சாப்புடுறாங்கன்னு சொன்னேன். அது நெசம். பெத்த அப்பனும் கூடத்தான் போறாருன்னு சொல்லாம வுட்டுட்டேன். இப்ப நானும் இவளும் ஓட்டல்ல பத்து பேரு நடுவுல உக்காந்துட்டுத்தான் வர்றோம். நான் கெட்டவளா? நவமணி தங்கம். எனக்குத்தான் இவ வாழுறத பாத்து வயித்தெரிச்சல். நான் பொய் சொல்லல அண்ணி. பொறாமையில நெசத்த சொன்னேன். அது பொய்ய விட மோசம்.”

அம்சா காந்திமதியை விட்டு விலகி நின்றாள். வீரம்மாள் பாயை விரித்து இருவரையும் உட்காரச் சொன்னாள். பிறகு, “நானும் ஒருத்தி பேச்ச கேட்டு முடிவு பண்ணது தப்புதான். பையன் அன்னியிலருந்து சரியா பேசுறதில்ல. அவன் அப்பாகிட்ட சொல்லிட்டு வெள்ளிக்கெழம தாம்பூலத்தோட வர்றோம்” என்றாள்.

பஸ்ஸில் அம்சா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். காந்திமதி கையைத் தொட்டபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“என் பொண்ணு அழுதது எனக்கு சீக்கிரத்துல மறக்காது அக்கா. ‘எனக்கும் ஆசையா இருக்கு, என்னயும் கூட்டிக்கினு போ’ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கே கூட்டிக்கினு போயிருப்பேன். கேட்டிருந்தா அது வெறும் ஆசையாப் போயிருக்கும். கேக்காம உள்ளயே வச்சு அழுகவுட்டீங்க, பொறாமையாப் போச்சு. ஆசைப்படுறது தப்பே இல்ல. அடுத்தவளுக்குக் கெடச்சத கெடுத்தா அது நமக்குக் கெடச்சுடும்னு நெனக்கிறதுதான் தப்பு.”