ஒன்றாம் நம்பர் சாஸ்

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய காபியை ஆற்றாமல் மடமடவென்று குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றார் இரும்புநாக்கார். மனைவி கோப்பையைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ!" என்று கையை உதறினாள்.

"எங்க, வாயைத் திறங்க."

திறந்தார். நாக்கு நடுவில் வெள்ளையாக வெந்து போயிருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டு மாதமாகவே தெரியவில்லை. அதை அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"நான் சொல்றதுதான் உங்களுக்கு உறைக்கலைன்னு நினைச்சேன், காபிகூடவா?" என்றாள் மனைவி. அவர் பழக்கம் அப்படி என்று மழுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அவருக்கு வேலை மிளகாய் சாஸ் தொழிற்சாலையில். இருபத்திரண்டு வருடமாகத் தலைமைச் சுவைப்பாளர். அங்கே சாஸ் ஐந்து நம்பரில் வரும். ஒன்றாம் நம்பர் குழந்தைகளுக்கு. ஐந்தாம் நம்பர் வீட்டில் சொல்லிக்கொண்டு சாப்பிட வேண்டியது. எது எந்த நம்பர் என்று அவர் நாக்கு சொல்லும், அவர் கை கையெழுத்துப் போடும், லாரி கிளம்பும். எல்லாப் பாட்டிலிலும் அவர் படம் உண்டு: கையைக் கட்டிக்கொண்டு, காரமா அப்படியென்றால் என்ன என்று கேட்கிற சிரிப்போடு. மற்ற கம்பெனிச் சுவைப்பாளர்கள் பாலும் பனிக்கட்டியுமாகத் திரிந்த காலத்தில், ஐந்தாம் நம்பரைக் கரண்டியோடு நக்கிவிட்டு இவர் கொட்டாவி விடுவார். கம்பெனியில் அதற்குத் திறமை என்று பெயர், அவருக்கு இரும்புநாக்கார் என்று பெயர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தத் திறமை முற்றிப்போய், ஒன்றும் ஐந்தும் ஒன்றாகிவிட்டன. புளிப்பும் உப்பும் தெரிந்தன. எரிச்சல் மட்டும் வரவில்லை. வேலை போய்விடுமே என்று அவர் பயந்தபோது கைகொடுத்தது ஒரு தலை. அவருடைய மனைவியின் தம்பி அதே சுவை அறையில் எதிர் நாற்காலியில் உட்காருபவர். சுத்தமான வழுக்கை. நெற்றியில் ஒரு முத்து வேர்த்தால் ஒன்றாம் நம்பர். வரிசையாக வேர்த்தால் இரண்டு. காதோரம் வழிந்தால் மூன்று, மூக்கு நுனியில் சொட்டினால் நான்கு, கைக்குட்டையைத் தேடினால் ஐந்து. மைத்துனர் தாமாக ஒரு நம்பரும் சொல்லமாட்டார். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் கொள்கை. இப்படியாக அந்தத் தொழிற்சாலை எட்டு மாதம் ஒரு மொட்டைத் தலையை நம்பி நடந்தது, ஒரு தவறும் வரவில்லை.

வந்தது முதலாளியின் பெருந்தன்மையால். சுவை அறை புழுக்கமாக இருக்கிறதென்று அவர் ஏசி மாட்டினார். அன்றைக்குப் பார்த்து, புதிதாக வந்த மூட்டை மிளகாயில் அரைத்த சாஸ் மேசைக்கு வந்தது. இரும்புநாக்கார் ஒரு கரண்டி சாப்பிட்டு எதிரே பார்த்தார். தலை பளிங்காகக் காய்ந்திருந்தது. காது மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "ஒன்று" என்று எழுதினார்.

பத்தாயிரம் பாட்டிலில் குழந்தை படம் போட்ட லேபிள் ஒட்டி, ஆறு வாரம் ஊறுவதற்காகக் கிடங்கில் அடுக்கினார்கள். ஊறிய பிறகு இன்னொரு கையெழுத்து போட்டால் கடைகளுக்குப் போகும்.

மாதிரிக்கு ஒரு பாட்டிலை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனார். மகள் வீட்டிலிருந்து வந்திருந்த நாலு வயதுப் பேத்தி, தாத்தா படம் போட்ட பாட்டில் என்று ஆசையாக விரலை விட்டு நக்கியது. அடுத்த நொடி அது போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. சாஸ் பட்ட கையாலேயே கண்ணையும் கசக்கிக்கொண்டது. மகளும் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றார். பாட்டிலில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தன் மேலேயே அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

மறுநாள் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே இருந்த அம்மாளை அவருக்குப் பிடிக்காது. அந்த அம்மாள் தன் இயந்திரம் சொல்லும் காரக் கணக்கை முதலாளியிடம் கொண்டுபோனால், "மிஷினுக்கு நாக்கு இருக்கா?" என்று முதலாளி கேட்பார், இவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். இன்று சிரிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், மொட்டைத் தலை உட்பட.

"காபி சுடறதும் தெரியலையா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"அதுவும் தெரியலம்மா."

"நாக்குல வலியைச் சொல்ற நரம்பு இருக்கே சார், அதோட நுனியில பொடிப்பொடியா கதவுங்க இருக்கு. சூடு பட்டா திறக்கும். மிளகாய்ச் சரக்கு பட்டாலும் அதே கதவுதான் திறக்கும். திறந்ததும் கால்சியம், சோடியம் அயனிங்க உள்ள பாயும். உடனே நரம்பு 'எரியுது'ன்னு மூளைக்குச் சொல்லிடும். நெருப்பா மிளகாயான்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப என் கதவு?"

"இருபத்திரண்டு வருஷமா தட்டிக்கிட்டே இருக்கீங்க. ஓயாம கால்சியம் பாய்ஞ்சு, கதவு திறக்கறதையே விட்டுடுச்சு. நரம்பு நுனியும் சுருங்கியிருக்கும்."

"நான் அதைத் திறமைன்னு நினைச்சேன்."

"மரத்துப்போச்சு சார், அவ்வளவுதான். ஆறு வாரம் மிளகாய் பக்கமே போகாதீங்க. திரும்ப வரும்."

"வந்தா வலிக்குமே?"

"வலிக்கறதுக்குத்தானே சார் அது இருக்கு."

சாஸ் கிடங்கில் ஊறி முடிகிறவரை, வயிற்றுப்புண் என்று எழுதிக்கொடுத்து ஆறு வாரம் விடுப்பு எடுத்தார். வீட்டில் உப்பும் வேகவைத்த காயுமாக நாள் ஓடியது. ஐந்தாவது வாரம் ஒரு காலை காபியை வாயில் வைத்தவர், "ஸ்ஸ்... ஆ!" என்று துள்ளி, சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார். "சுடுதுடி! சுடுது!" என்று சமையலறைக்குள் ஓடிச் சொன்னார். பரீட்சையில் பாஸானதைச் சொல்ல ஓடிவந்தவர் மாதிரி இருக்கிறாரே என்று மனைவி பார்த்தாள்.

ஆறு வாரம் முடிந்தது. சுவை அறையில் முதலாளி, மைத்துனர், ஆய்வுக்கூடத்து அம்மாள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

"போட்டுடுங்க கையெழுத்தை" என்றார் முதலாளி.

இரும்புநாக்கார் அரைக் கரண்டிதான் வைத்தார். வாய் பற்றிக்கொண்டது. காது அடைத்தது, மூக்கு ஒழுகியது, விக்கல் எடுத்தது, இரண்டு கண்ணிலும் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. அறையே அதிர்ந்துபோனது. மைத்துனர் எழுந்து நின்றுவிட்டார்.

"இது ஒண்ணாம் நம்பர் இல்ல சார், அஞ்சு! என் தப்பு. எட்டு மாசமா என் நாக்கு மரத்துக் கிடந்துச்சு. என் பேத்தியே..." விக்கல் வந்து மீதியை விழுங்கியது.

முதலாளி ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே! தினம் மூணு வேளை நம்ம சாஸ்தான் சாப்பிடறேன்." மேசையில் ஆவி பறந்துகொண்டிருந்த காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இரும்புநாக்காரும் ஆய்வுக்கூடத்து அம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லாரி போகட்டும். எவனும் புகார் பண்ணமாட்டான். ஒண்ணாம் நம்பரே எரியுதுன்னு எந்த ஆம்பிளை எழுதிப் போடுவான்?"

"குழந்தை எழுதாது சார், அலறும். அந்த லேபிளோட அது வெளிய போனா, என் படத்தை எல்லா பாட்டில்லேர்ந்தும் எடுத்துடுங்க. ஏன் எடுத்தாங்கன்னு கேக்கறவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்."

முதலாளி அவருடைய முகத்தையே பார்த்தார். கோபமாகப் பார்க்கத் தொடங்கியவர், மெல்ல மெல்லப் பிரகாசமானார். பையிலிருந்து போனை எடுத்தார்.

"அசையாதீங்க. கண்ணைத் துடைச்சிடாதீங்க! 'இரும்புநாக்காரையே அழவைத்த ஐந்தாம் நம்பர்.' எப்படி?"

பேச்சு அங்கேயே முடிந்தது. பத்தாயிரம் பாட்டிலுக்கும் லேபிள் மாற்றப்படும். ஒன்றாம் நம்பருக்கு மட்டும் இனி இயந்திரத்தின் கணக்கு. அழுத நாக்கை இரும்பு என்று சொல்ல முடியாது என்பதால் அவர் தக்காளிச் சாறு பிரிவுக்கு மாற்றம். தலைமை நாற்காலியில் முதலாளியே உட்கார்ந்தார். அதற்கு வேண்டிய தகுதி அவர் நாக்குக்கு ஏற்கனவே வந்திருந்தது.

அடுத்த மாதம் ஊர் முழுக்கச் சுவரொட்டி. பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு அவர் முகம், மூக்கும் கண்ணும் ஒழுக. கூட நின்றவர்கள் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரோடு வந்திருந்த பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் விரலைப் பிடித்து இழுத்தது.

"தாத்தா, உனக்கும் எரிஞ்சுதா?"

பதில் சொல்வதற்கு முன்னால் இன்னொரு முறை அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"ஆமாண்டா கண்ணு" என்றார். "ரொம்ப எரிஞ்சுது."