கவர்மெண்ட் சீட்டுக்காகக் கெடுத்த சாம்பார்

என் அம்மா தனக்கோடி சாம்பார் வைத்தால் பக்கத்து வீட்டுக்கும் பசிக்கும். எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிக் குடியிருப்பில், ஸ்ரீரஞ்சனி மேடம் வீட்டில் அவள் சமையல்காரி. அப்படிப்பட்டவள் ஒரு வாரம் முழுக்க வேண்டுமென்றே சமையலைக் கெடுத்தாள். காரணம், என் படிப்பு.

மேடத்தின் மகன் முகேஷும் நானும் ஒரே நுழைவுத் தேர்வு எழுதினோம். அவன் ஏசி போட்ட கோச்சிங்கில் படித்தான். நான் குக்கர் விசிலுக்கு நடுவே படித்தேன். அரசு பொறியியல் கல்லூரியில் நான் கேட்ட பிரிவின் கடைசி இடம் அவனுக்குப் போனது. பெரும்பாலான செலவை அரசே ஏற்கும் இடம் அது. எனக்குத் தனியார் கல்லூரி. அந்தக் கட்டணத்துக்கு வீட்டை விற்கலாம் என்றால், எங்களுடையது வாடகை வீடு.

"அந்த கவர்மெண்ட் காலேஜ் ஃபீஸ் இவன் பைக் பெட்ரோல் செலவுகூட வராது," என்று மேடம் அம்மாவிடம் சிரித்தாராம். "ஆஸ்திரேலியா அனுப்பறோம்னா, தனக்கோடி ஆன்ட்டி சாப்பாட்டை விட்டுப் போகமாட்டேன்னு அடம் பிடிக்கறான்."

அம்மாவுக்கு அன்றைக்கே மூளை வேலை செய்தது.

"சோறு நல்லா இல்லன்னா கெளம்பிடுவான் இல்ல?"

"ரேங்க்குல எனக்கும் அவனுக்கும் நடுவுல வேற யாராச்சும் இருப்பாங்கம்மா."

"நீ சும்மா கெட. அவன் போனா அந்த எடம் உனக்குத்தான்."

திங்கட்கிழமை புளி தூக்கல். மறுநாள் உப்பே இல்லை. முகேஷ் நல்ல பையன், பாவம். "உடம்பு சரியில்லையா ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தான். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டதாம். ஆனாலும் வெள்ளிக்கிழமை பாயசத்தை அடிப்பிடிக்க விட்டாள். சனிக்கிழமை அவன் ஆஸ்திரேலியாவுக்குச் சரி சொல்லி, சீட்டை விட்டுக்கொடுத்தான்.

அடுத்த சுற்று கவுன்சிலிங் முடிவு வந்தது. எனக்கு அதே தனியார் கல்லூரி. அம்மா வேலையிலிருந்து ஒரு லட்டோடு வந்தாள்.

"ஒம்பதாவது மாடி ஸ்ரீலக்ஷ்மிக்கு கவர்மெண்ட் சீட்டாம். முகேஷ் விட்டானே, அதா?"

தலையாட்டினேன். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா வாங்கும் சோப்புக்குக்கூட வரி உண்டு. அந்த வரியெல்லாம் சேர்ந்து லிஃப்ட் ஏறி மேல்மாடிக்கே போகிறது! ஸ்ரீலக்ஷ்மியும் அதே கோச்சிங், வீட்டில் இரண்டு கார்.

அம்மா லட்டை ஒரு கடி கடித்தாள்.

"இன்னும் ரவுண்டு இருக்குதா?"

"ஒண்ணு இருக்கு."

"அவங்க வூட்டுல யாரு சமைக்கறாங்கன்னு விசாரி. நான் அங்கயும் வேலைக்கு சேர்றேன்."