இரண்டு கட்டைவிரலுக்கு ஒரு பாராங்

லெமியா தன் புருஷன் உம்பாருக்குத் தரவேண்டிய கடன் நாற்பத்தைந்து வெள்ளி. அந்த நீள்வீட்டில் இது தெரியாத ஆள் கிடையாது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கதவு வைத்துக் குடியிருக்கிற இடத்தில் புருஷன் பெண்டாட்டி கணக்கு மட்டும் எங்கே போய் ஒளியும்?

கடன் வந்தது ஒரு பாராங் கத்தியால்.

போன வருஷம் மலைச்சரிவில் புதர் வெட்டிக்கொண்டிருந்தபோது உம்பாருடைய பழைய கத்தி பிடியை விட்டுக் கழன்று பறந்தது. லெமியாவின் காதோரமாகப் போய் வாழைமரத்தில் குத்தி நின்றது. அவள் அதை மறக்கவில்லை. இந்த வருஷம் மழை விட்டு, நெல்லுக்கு மலையைத் திருத்தும் காலம் வந்ததும் சொன்னாள்.

"கத்தி வாங்க நானும் வருவேன்."

"கத்தி வாங்கறதுக்குப் பொம்பள எதுக்கு?"

"பறந்தா என் தலையப் பாத்துத்தான பறக்குது. நான்தான் பாத்து வாங்கணும்."

படகில் ஆற்றோடு இறங்கிப் போனார்கள். கொல்லர் எம்பாலிங் லெமியாவுக்குத் தூரத்து அண்ணன் முறை. பழைய லாரியின் இரும்புப் பட்டையில் அடித்த கத்திகளைப் பாயில் பரப்பினார். உம்பார் முதலில் நீட்டுக் கத்தியை எடுத்தான். அது புல்லுக்கும் செடிக்கும் வீசத் தோதானது. மரத்தில் போட்டால் அதிர்ந்து மணிக்கட்டைக் கடிக்கும். அடுத்தது குட்டை, கனம். மரத்தைப் பிளக்கும், ஆனால் புதரில் அரைநாள் வீசினால் தோள் கழன்று போகும். மூன்றாவதைத் தூக்கினான். பிடிப்பக்கம் ஒடுங்கி, முன்பக்கம் லேசாக வயிறு தள்ளியிருந்தது. வீசினால் அதுவே முன்னால் இழுத்துக்கொண்டு போனது. கண்ணுக்கு நேராகப் பிடித்து முதுகைப் பார்த்தான். கோணல் இல்லை. நகத்தால் சுண்டினான். நின்று ஒலித்தது. லெமியா பிடியை வாங்கி, அதில் சுற்றிக் கட்டிய பிரம்பைப் பல்லால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இதுதான்" என்றான் உம்பார். குரல் இறங்கிப் போயிருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவன் அப்படிச் சொன்னதில்லை என்று லெமியா பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள்.

"அளந்து பாரு மச்சான்" என்றார் எம்பாலிங்.

வாங்குகிறவன் தன் இரண்டு கட்டைவிரலையும் மாற்றி மாற்றி வைத்து, பிடியிலிருந்து முனைவரைக்கும் அலகை அளக்க வேண்டும். விரலுக்கு ஒரு சொல்: சோறு, சுகம், நோய், சாவு. மறுபடி சோறு. முனையில் எந்தச் சொல் வந்து நிற்கிறதோ அதைத்தான் அந்தக் கத்தி அவனுக்குக் கொடுக்கும்.

உம்பார் அளந்தான். சாவு. மறுபடி அளந்தான். மறுபடியும் சாவு.

"விரலா அது, ஆமை ஓடா?" என்றார் எம்பாலிங். "கொஞ்சம் இளைச்சுட்டு வா."

உம்பார் கத்தியைப் பாயில் வைத்தான். வைத்த கை அதை விட்டு எழவில்லை. லெமியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தள்ளு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்ததில் கூந்தல் சரிந்து கையை மறைத்தது. சோறு, சுகம் என்று முணுமுணுத்துக்கொண்டே போய், முனையில் நிமிர்ந்தாள்.

"எனக்குச் சுகம்."

"அப்பக் கத்தி உனக்குத்தான் தங்கச்சி. உன் காசுலதான் வாங்கணும். இல்லேன்னா ராசி ஒட்டாது."

அவளிடம் ஏது காசு? மிளகு விற்ற பணம் உம்பார் மடியில் இருந்தது. "கடனாக் குடு" என்று கையை நீட்டினாள். கடன் வாங்கினால் அதுவும் சொந்தக் காசுதான் என்று எம்பாலிங் தீர்ப்புச் சொன்னார். அவருக்கு வியாபாரம் முடிந்தால் சரி.

அன்றையிலிருந்து காலையில் தினம் ஒரு கூத்து.

"நூலி அம்மா, கத்தி" என்று பிள்ளை பேரைச் சொல்லி உம்பார் கூப்பிடுவான்.

"எந்தக் கத்தி?"

"உன் கத்திதான்."

"கேக்கற மாதிரிக் கேளு."

இரவல் கத்திக்கு உடையவளின் ராசிதான், அதனால் அவன் எடுத்துப் போவதில் ஆபத்தில்லை. ஆனால் மானம் இருக்கிறதே! பக்கத்துக் கதவு சங்காவ், எல்லாக் கதவுக்கும் முன்னால் ஓடும் பொதுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பான்: "மச்சான், சாயந்தரத்துக்குள்ள திருப்பிக் குடுத்துரு. இல்ல, சோறு கெடைக்காது!"

உம்பார் சாயந்தரம் கத்தியைக் கல்லில் தீட்டி, எண்ணெய் தடவி, தூங்குகிற பிள்ளையைக் கொடுப்பது போலக் கொடுப்பான். "நாப்பத்தஞ்சு வெள்ளி?" என்பான். "மிளகு காயட்டும்" என்பாள். மிளகு காய்ந்தது, கூரைக்குத் தகரம் வாங்கினாள். உண்மையில் அவனுக்கு வெள்ளி வேண்டாம். அந்தக் கத்தியைத் தன்னது என்று இடுப்பில் கட்டிக்கொண்டு சங்காவுக்கு முன்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதரெல்லாம் வெட்டி முடிந்து, மரம் சாய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள். ஓடைக்கரையில் கல் இடுக்கில் கொழுத்த மூங்கில் குருத்து ஒன்று உம்பார் கண்ணில் பட்டது. லெமியாவுக்குக் குருத்தென்றால் உயிர். குச்சி வெட்டித் தோண்டலாம். யார் அவ்வளவு நேரம் மெனக்கெடுவது? கத்தி முனையைச் செருகி நெம்பினான்.

டக்.

குருத்து கையோடு வந்தது. இரண்டு விரல் நீளத்துக்கு முனையும் கூடவே வந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டான். தன்னுடைய கத்தியாக இருந்தால் நெம்பியிருக்க மாட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. கத்தியை இலையில் சுற்றிக் கூடைக்கு அடியில் போட்டு, மேலே குருத்தை வைத்து வீடு வந்தான்.

லெமியா குருத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கத்தி?"

"நாளைக்குத் தரேனே."

"யோவ் நூலி அப்பா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அவளே கூடைக்குள் கைவிட்டு எடுத்தாள். இலையைப் பிரித்தாள். பொதுக்கூடத்தில் பேச்சுச் சத்தம் நின்றது. சங்காவ் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"எதுல போட்டே?"

அவன் குருத்தைக் காட்டினான்.

அவள் குருத்தைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அலகின் மேல் குனிந்தாள். முணுமுணுப்பு கேட்டது. திரும்பினாள்.

"எனக்குச் சாவு வருது. இனி இது எனக்கு ஆகாது."

"ஐயோ, ஆத்துல போட்டுரணுமா?"

"கையக் குடு."

அவனுடைய இரண்டு கட்டைவிரலையும் பிடித்து, பிள்ளைக்கு நடை பழக்குகிற மாதிரி அலகின் மேல் மாற்றி மாற்றி நடத்தினாள். சோறு, சுகம், நோய், சாவு. கடைசியில் ஒரு 'சோறு' முடிந்து, உடைந்த விளிம்பு வரைக்கும் அரை விரல் இடம்தான் மிச்சம் இருந்தது. அவள் அவன் விரலைச் சாய்த்து, பக்கவாட்டில் அந்த இடத்தில் அழுத்தினாள்.

"சுகம்" என்றாள்.

உம்பார் சாய்ந்து கிடந்த தன் விரலைப் பார்த்தான். கொல்லர் பாயில் சரிந்து விழுந்த அந்தக் கூந்தலும் நினைவுக்கு வந்தது. விரலை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தான்.

"சும்மா எடுத்துக்க முடியாது" என்றாள் லெமியா, பொதுக்கூடம் வரைக்கும் கேட்கும்படி. "என் கத்தி. நாப்பத்தஞ்சு வெள்ளி."

"முனை போனதுக்கு முழு வெலையா?"

"ஒடைச்சது யாரு?"

"நீதான எனக்கு நாப்பத்தஞ்சு தரணும்!"

"அதுக்கு இது சரியாப் போச்சு. தீந்துது கடன். சங்காவு, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றது சுவருக்கு அப்பாலிருந்து குரல்.

"அப்பறம் என்ன, நூலி அப்பா? உன் கத்தியால இந்தக் குருத்த உரிச்சுக் குடு" என்று அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.