மூலை மெத்தை

மெத்தைக் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டே மெத்தை விற்பவள் அவள். மூன்றாம் மாதம் தொடங்கியதிலிருந்து, மதியச் சாப்பாடு முடிந்தால் போதும், கண் சொக்கிக்கொண்டு வரும். வயிற்றுக்குள் எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லாத ஒன்று ஓர் ஆளையே எப்படி இப்படி அடித்துப்போடுகிறது என்று அவளுக்கே ஆச்சரியம்.

வேலை செய்பவர்கள் மெத்தையில் உட்காரவே கூடாது என்பது முதலாளியம்மாவின் சட்டம். சட்டமாவது ஒன்றாவது! இருப்பதிலேயே விலை குறைந்த மூலை மெத்தையில் சற்றே சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.

கண் விழித்தால் எதிரே முதலாளியம்மா. பக்கத்தில் மெத்தை வாங்க வந்த புருஷனும் பெண்டாட்டியும். தொலைந்தோம் என்று பதறி எழுந்தாள்.

"எங்களுக்கு இந்த மெத்தைதான் வேணும்," என்றாள் வந்த பெண்.

"இதைவிட நல்லதெல்லாம் இருக்குங்க," என்றாள் முதலாளியம்மா.

"இருக்கட்டும். அதுல யாராவது இப்படி வாயைப் பொளந்துகிட்டுத் தூங்குறாங்களா?"

மறுநாள் மதியம் முதலாளியம்மாவே அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய், கடையிலேயே விலை உயர்ந்த மெத்தையில் படுக்கவைத்தாள். தலைக்குப் புதுத் தலையணை வேறு. இதில் தூக்கம் எப்படித்தான் இருக்கும், பார்த்துவிடலாம் என்று அவளும் ஆசையாகக் கண்ணை மூடினாள். புரண்டாள், குப்புறப் படுத்துப் பார்த்தாள், கடைசியில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தாள்.

"என்னம்மா, தூக்கம் வரலையா?"

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"எனக்கென்ன மேடம், எங்க படுத்தாலும் வரும். உள்ள இருக்கிறதுக்கு என் சம்பளம் தெரிஞ்சுபோச்சு போல!"