கொரிந்தியரின் முதல் பந்தி

அந்தத் தோட்டத்துச் சபையில் அறுப்பின் பண்டிகை விருந்து என்றால் கணக்கெழுதும் கிராணிமார் குடும்பங்களுக்கு முதல் பந்தி, லயத்துக் கூலி மக்களுக்கு இரண்டாம் பந்தி. இதை எவரும் எழுதி வைத்ததில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. ஆராதனை முடிந்ததும் கால்கள் தாமாகவே பிரிந்துவிடும். சப்பாத்துக் கால்கள் கொட்டகைக்குப் போகும், வெறுங்கால்கள் தூங்குமூஞ்சி மரத்து நிழலுக்குப் போகும். முதல் பந்தியில் ஆட்டுக்கறி துண்டு துண்டாக இலையில் விழும். இரண்டாம் பந்திக்கு அதே குழம்பு, வெந்நீரால் பெருக்கப்பட்டு, கறியின் வாசனையை மட்டும் சுமந்துகொண்டு வரும். ஜொகூரின் உலு திராம் பக்கத்துக் காட்டை அழித்து ரப்பர் நட்ட காலந்தொட்டு இப்படித்தான்.

1934ஆம் ஆண்டுப் பண்டிகைக்குப் பிரசங்கம் செய்ய ஜொகூர் பாருவிலிருந்து சோமசேகரம் வந்திருந்தான். யாழ்ப்பாணத்தவன். பகலில் அரசாங்க அலுவலகமொன்றில் எழுத்தர் வேலை, மாலையில் வேதாகமத்தில் பவுல் எழுதிய நிருபங்கள். அவற்றை மூலத்திலேயே வாசிக்க வேண்டுமென்று கிரேக்கத்தைத் தானாகவே கற்றுக்கொண்டவன். மற்றவர்கள் அந்த நிருபங்களில் தத்துவத்தைத் தேடியபோது அவன் வீட்டு விவகாரங்களைத் தேடினான்: யாரோடு யார் உண்டார்கள், எந்த இரண்டு பெண்கள் பேசாமல் இருந்தார்கள், சிறையிலிருந்த பவுல் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொன்னபோது எவ்வளவு குளிர் அடித்திருக்கும். விசுவாசத்துக்குச் சோதனை சிங்கத்தின் முன்னால் வருவதைவிடச் சோற்றுப் பானையின் முன்னால்தான் அடிக்கடி வருகிறது என்பது அவன் துணிபு.

அவன் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய கிராணி சிவசம்புவின் மகள் தவமணிதேவியை அவனுக்குப் பேசியிருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் பேசிச் சிரித்து உடன்பட்டாகிவிட்டது. தகப்பனின் சம்மதம்தான் பாக்கி. அதை விருந்து முடிந்ததும் சொல்வதாக அவர் அறிவித்திருந்தார். "பிள்ளை சபையிலை எப்பிடி நடக்கிறார் எண்டு ஒருக்கால் பாக்கவேணும்" என்றார்.

இரண்டு பந்திகளைப் பற்றித் தவமணி முன்பே சொல்லியிருந்ததால், கொரிந்து சபையின் விருந்தைப் பற்றிய பகுதியையே சோமசேகரம் எடுத்துக்கொண்டான். அங்கே வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டதையும், வேலை முடித்து வந்த ஏழைகள் பசியோடு நின்றதையும், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி பவுல் கடிந்து எழுதியதையும் கண்ணெதிரே நடப்பதுபோல் விவரித்தான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆலயத்தைவிட்டு வெளியே வந்தபோது சிவசம்பு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமை தம்பி. அந்தக் கொரிந்துச் சனம் சரியான மோசம், என்ன?"

பின்னால் வந்த, ரப்பர்ப் பால்வெட்டுக்காரர் அய்யாவுவின் மனைவி செல்வராணியும் உச்சுக்கொட்டினாள். "பாவம்ங்க சார், அந்த ஊரு ஏழைங்க."

இதைச் சொல்லிவிட்டு அவள் மரத்தடிக்கும், அவர் கொட்டகைக்கும் நடந்தார்கள்.

சோமசேகரத்துக்குச் சிவசம்புவின் பக்கத்திலேயே இலை போட்டிருந்தது. சோறும் கறியும் பரிமாறியாயிற்று. அவன் ஜெபித்தான். ஆமென் சொன்னவர்களின் கைகள் எல்லாம் இலைக்கு மேலே வந்து நின்றன. பிரசங்கியார் முதல் கவளம் எடுக்காமல் வேறெவரும் சோற்றைத் தொடுவது அங்கே வழக்கமில்லை. சோமசேகரம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன தம்பி, உறைப்புக்குப் பயமே?"

"இல்லை ஐயா. காத்துக்கொண்டிருக்கிறன்."

"ஆருக்கு?"

"அவைக்கு." மரத்தடியைப் பார்த்தான்.

"அவைக்கு..." என்று தொடங்கிய சிவசம்பு நிறுத்திக்கொண்டார். வாக்கியத்தை முடித்தால், இதுவரை எவரும் சொல்லாததை அவர் சொல்ல வேண்டியிருக்கும். "அவை பிறகு."

"ஏன் பிறகு ஐயா?"

இப்படியொரு கேள்வி அங்கே எழுந்ததே இல்லை. ஒரு சின்னக் கிராணி தன் இலையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தி ஓசையின்றிக் கிடப்பதைக் கண்டு அய்யாவு வந்து கொட்டகைக் காலருகே நின்றார். "என்னங்க சார், கறி வேகலையா?"

"நீங்கள் எல்லாரும் வந்தால் தொடங்கலாம்."

அய்யாவு பதறிச் சிரித்தார். "ஐயையோ, நாங்க பொறவு சாப்பிட்டுக்கிறோம் சார். பெரிய கிராணி ஐயா முன்னால உக்காந்து எலும்பு கடிக்க முடியுமா?"

"நமக்கு எலும்பு எப்ப வந்துச்சு கடிக்க?" என்று மரத்தடியிலிருந்து செல்வராணியின் குரல் கேட்டது. "தண்ணிதான வந்துச்சு."

மரத்தடி முழுவதும் சிரித்தது. சின்னக் கிராணியும் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிவசம்பு சிரிக்கவில்லை.

தவமணி கறிச்சட்டியோடு வந்து, பரிமாறுவதுபோல் சோமசேகரத்தின் பக்கம் குனிந்தாள்.

"அப்பாவுக்குப் பசி வந்தால் கோபம் வரும்."

"தெரியும்."

"கோபம் வந்தால் சம்மதம் வராது."

"அதுவும் தெரியும்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். "அப்ப இருங்கோ" என்றாள். பிறகு கறிச்சட்டியைத் தகப்பனின் இலைக்கு நேரே வைத்து மூடியை நன்றாகத் திறந்துவிட்டுப் போனாள்.

சோமசேகரம் தன்னையே கேட்டுக்கொண்டான். தன்னை உட்கார வைத்திருப்பது விசுவாசமா, பிரசங்கம் எடுபடாத பிரசங்கியின் வீம்பா? பாதிக்குப் பாதி இருக்கும் என்று தோன்றியது. சிலர் அன்பினாலும் சிலர் போட்டியினாலும் பிரசங்கிக்கிறார்கள், எப்படியானாலும் செய்தி பரவுகிறதே, எனக்கு மகிழ்ச்சியே என்று பவுல் சிறையிலிருந்து எழுதிய இடம், இவ்வளவு தாராளம் ஆகுமா என்று அவனை நெடுநாள் உறுத்தியதுண்டு. அன்று அது அவனுக்கு ஒரு குவளை மோர்போல இருந்தது. தவமணியை இழந்துவிடுவேனோ என்று பயந்தபோதும் அவன் கைகள் மடியைவிட்டு எழவில்லை.

சிவசம்பு விடியுமுன், ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்தவர். ஆராதனையின் திருவிருந்துக்காகக் காலையில் கோப்பிகூடக் குடிக்காதவர். அவர் வயிறு பக்கத்து இலைக்குக் கேட்கும்படி முறையிட்டது. சட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அசையாமலிருந்த அந்த இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அய்யாவு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. எனக்கு வாய்க்கப்போற மருமகன், கலியாணத்துக்கு முன்னமே மாமனைப் பட்டினி போட்டுச் சாக்காட்டுவார் போலை."

அய்யாவு தயங்கினார். "எங்கிட்டு உக்கார்றதுங்க ஐயா?"

"இஞ்சை. எனக்குப் பக்கத்திலை."

"உங்க பக்கத்துலயா?"

"பின்னை, மடியிலையே? வா, சோறு ஆறுது."

சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய கிராணி தம் இலையைச் சற்றுத் தள்ளிவைத்து இடம்விட்டார். இலைக்கட்டிலிருந்து ஒரு புதிய இலையை உருவி அங்கே விரித்து, தம் கையாலேயே அதற்குத் தண்ணீர் தெளித்தார்.