ராணி திறந்த கதவு

கள்ளிக்குப்பம் டூரிங் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ஒரு ரீல் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். விளக்கு எரிந்தபோதெல்லாம் தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் மணலில் சப்பணமிட்டிருந்த முனியன் அவன் முகத்தையே பார்த்தான்.

இரண்டு பேரும் அம்பத்தூரில் ஒரே கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டுகிறவர்கள். ஸ்ட்ரைக் தொடங்கி மாதக்கணக்காகிவிட்டது. இந்தப் படத்தின் முதல் பாகத்தில் ராணி கோட்டை வாசலில் நின்று, "இந்தக் கதவு திறக்காது!" என்று முழங்குவாள். அதைத்தான் கம்பெனி கேட்டில் கோஷமாகப் போட்டுவந்தார்கள். எடுத்துக் கொடுப்பது தேவராஜின் தொண்டை. இரண்டாம் பாகத்தை ஸ்ட்ரைக் ஆட்கள் டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம் என்று கொட்டகைக்காரர் சொன்னதும், புதுக் கோஷம் கிடைக்குமென்று திரண்டு வந்துவிட்டார்கள்.

தேவராஜ் மட்டும் நேற்று போர்மேனிடம் தலையாட்டிவிட்டு வந்திருந்தான். காலையில் கேன்டீன் லாரியில், காய்கறி மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து படுத்துக்கொண்டு கம்பெனிக்குள் வேலைக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், கைக்குழந்தை அழுதது. அவன் குழந்தைதான். மனைவி நாகவல்லிக்குப் பால் வற்றிவிட்டது.

"இன்னா மச்சான், பேயறைஞ்ச மாதிரி கீறே?" என்றான் முனியன்.

"ஒண்ணுமில்ல. வசனமே வர்லியே, அதான் பாக்கறேன்."

"கடேசி ரீல்ல வெச்சிருப்பான், இரு."

படம் மோசமில்லை. யானை வந்தது, கத்திச்சண்டை வந்தது. ராணிதான் பேசவே இல்லை. காலியான நெற்குதிர்களைக் குனிந்து குனிந்து பார்த்தாள். கடைசி ரீலில், சொந்தப் படைவீரர்கள் முறைத்துப் பார்த்திருக்க, பட்டப்பகலில் தானே தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். அவர்கள் நடுவே தலை நிமிர்ந்து எதிரியை நோக்கி நடந்தாள்.

விசில் நின்றுபோனது.

"யோவ் ஆபரேட்டர், ரீல மாத்திப் போட்டியா?" என்று ஒருவன் கத்தினான்.

"போன படத்துல புலி, இதுல பூனை!" என்றான் இன்னொருவன். திரைமேல் ஒரு பிடி மணல் விழுந்தது.

விளக்கு எரிந்தது. முனியன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான். "கவுத்துட்டாளே! சரி, நாளைக்கும் பழசே போடுவோம். நீ எடுத்துக் குடு."

தேவராஜ் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழுது ஓய்ந்து விக்கியது.

"நாளைக்கு நான் உள்ள போறேன், முனியா."

முனியனின் கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கியது. நாலைந்து தலைகள் திரும்பின.

"லாரில எவனோ போறான்னு பேச்சு கீது. நீதானாடா அது?"

"லாரி வேணாம். கேட்டு வழியாவே நடந்து வரேன். உங்க எல்லார் எதிர்லயும்."

"அடி வுயும்டா."

"வுயட்டும்."

பிடி தளரவில்லை. முனியனின் மூச்சு அவன் முகத்தில் சுட்டது.

"கோஷம் எவன்டா எடுத்துக் குடுப்பான்?"

"நீ குடு. சத்தமா குடு. உள்ள எனக்குக் கேக்கணும்."

முனியன் கையை எடுத்தான். பிய்ந்து வந்த பொத்தானைப் பார்த்தான். அதை மணலில் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.