பாதியில் நின்ற முள்

முள் நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும்தான் இல்லை.

மூடிவிட்ட சுரங்கத்துக்குள் தண்ணீரைத் தேக்கி வைக்கும் சுவரை வடிவமைத்தவள் நான். பம்புகளை நிறுத்திய பிறகு பாறையில் கசிகிற தண்ணீர் உள்ளேயே நிரம்பும். தோலை அரிக்கிற அந்தத் துருத் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடக் கூடாது. அதனால் சுரங்கப் பாதையைக் குறுக்கே கான்கிரீட்டால் அடைத்து, அடியில் ஒரு குழாயும் வால்வும் வைத்து, அழுத்தம் காட்ட ஒரு மீட்டரும் மாட்டினேன். உள்ளே தண்ணீர் உயர உயர மீட்டரின் முள்ளும் உயரும். மழைக்காலம் முடியும்வரை ஏறிக்கொண்டே போக வேண்டிய முள், பாதி வழியில் நின்றுவிட்டது.

“சூப்பர் மேடம்! உங்க சுவர் வேர்க்கக்கூட இல்ல,” என்று சூப்பர்வைசர் கான்கிரீட்டைத் தட்டிக்கொடுத்தார்.

“தட்டாதீங்க. அது என்ன கன்னுக்குட்டியா?”

“அழுத்தம் ஏறலன்னா நல்லதுதானே மேடம்? எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?”

“மழை நின்னுச்சா? நிக்கல. உள்ள வர்ற தண்ணி வந்துக்கிட்டேதான் இருக்கு. இங்க ஏறலன்னா வேற எங்கயோ போய்க்கிட்டு இருக்கு. நல்லதாம், நல்லது!”

மீட்டரில்தான் கோளாறோ என்று வேறொன்றை மாட்டிப் பார்த்தோம். அதுவும் அதே இடத்தில் வந்து நின்றது.

முள் நின்ற உயரத்துக்குச் சரியாக ஒரே ஒரு பாதைதான் இருக்கிறது, மேல்மட்டப் பாதை. சுரங்க வரைபடத்தில் அது சுரங்க நிலத்தின் எல்லைக்கு முன்பே முட்டிக்கொண்டு முடிந்துவிடும். அந்தப் படத்தைப் போட்டவர் வேறு யாருமில்லை, என் மாமனார். இந்தச் சுரங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவர் வேலை ஆரம்பித்தபோது, “நான் போட்ட படம்மா, கண்ண மூடிக்கிட்டு நம்பு,” என்று மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். அவர் கோடு இழுத்தால் மயிரிழை பிசகாது என்று ஊரே சொல்லும்.

சுரங்க வாய்க்கு வெளியே வந்து அவருக்கு போன் போட்டேன்.

“மாமா, மேல்மட்டப் பாதை எங்க முடியுது?”

“படத்துல இருக்கேம்மா.”

“படத்த விடுங்க. நிஜமா எங்க முடியுது?”

டி.வி. சத்தம் நின்றது. அவர் தொண்டையைச் செருமினார். “எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் வெட்டினாங்கம்மா. நல்ல தாது அந்தப் பக்கம் ஓடுச்சு, விட மனசு வரல. அடுத்தவன் இடத்த எப்படிப் படத்துல காட்டறது? காட்டுனா எல்லாருக்கும் வேலை போயிருக்கும். அதான் கல்லப் போட்டு அடைச்சிட்டோம்.”

“கல்லப் போட்டா தண்ணி நிக்குமா மாமா? சர்வேயர்தானே நீங்க? சுவர் கட்டறேன்னு தினமும் உங்ககிட்டதானே சொல்லிக்கிட்டு இருந்தேன்!”

“அவ்வளவு உசரத்துக்குத் தண்ணி வராதுன்னு நெனச்சேம்மா...”

“எதுவரைக்கும் வெட்டினாங்க?”

“அடிவாரம் வரைக்கும். தரைக்குக் கொஞ்சம் கீழ.”

“அடிவாரத்துல இப்ப என்ன இருக்கு?”

கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ, பள்ளிக்கூடம். என் மகள் படிக்கிற பள்ளிக்கூடம்.

“மாமா!” என்று அலறினேன். போன் கீழே விழுகிற சத்தமும் அவர் ஓடுகிற சத்தமும்தான் கேட்டது.

“வால்வத் தொறங்க!” என்றேன் சூப்பர்வைசரிடம்.

“அய்யய்யோ, மேல கேக்காம எப்படி மேடம்?”

“என்னைக் கேக்கட்டும். தண்ணி குழாய் வழியா இந்தப் பக்கம் நம்ம சுத்திகரிப்புக் குட்டைக்கு இறங்கினா அந்தப் பக்கம் வேகம் கொறையும். தொறங்கன்னா தொறங்க!”

அவர் உள்ளே ஓடினார், நான் காரில் ஏறினேன். பள்ளிக்கூடத்து எண்ணை அழுத்திக்கொண்டே போனேன், யாரும் எடுக்கவில்லை. தெய்வமே, தெய்வமே என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

பள்ளித் தெருவுக்குள் கார் நுழைய முடியவில்லை. செங்கல் நிறத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி அதிலேயே ஓடினேன். எதிர்ப்பக்க மேட்டில் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல. உங்க மாமனார் பக்கத்துத் தெருவுலேர்ந்து செருப்புகூடப் போடாம ஓடி வந்து மணிய அடிச்சாரு. மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம். எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்த அப்புறம் தரை வெடிச்சிருச்சு. கட்டடத்துல பாதி இல்ல.”

மாமனார் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கட்டிக்கொண்டு அழலாமா, சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று எனக்கே தெரியவில்லை.

மகள் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் மின்ன, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“அம்மா, தாத்தா பெரிய ஆளும்மா! மணிய அடிச்சிட்டு நேரா எங்க கிளாசுக்கு வந்து, ஜன்னலோரப் பெஞ்சக் காட்டி, இங்கதான் வரும், இங்கதான் வரும்னு கத்தினாரு. அங்கயே வந்துச்சும்மா! கரெக்டா என் பெஞ்சுக்குக் கீழயே!”

தினமும் காலையில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்தப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போகிறவர் அவர்தான்.

“தாத்தாவுக்கு எப்படிம்மா அவ்ளோ சரியாத் தெரிஞ்சுது?” என்றாள்.

மாமனார் நிமிரவே இல்லை.